ஐப்பசி கடைசி வாரம்: டெல்டா மழையும் பயிர் நிலவரமும்

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்), வியாழன் இரவு

இந்த வார நிலவரத்தைப் போட்டுவிடுகிறேன். நேரில் பார்த்ததும் போனில் கேட்டதும்தான் இதில் இருக்கிறது. விட்டுப்போன ஊர்க்காரர்கள் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலம், வலங்கைமான் பக்கம் திங்கள் வரை நல்ல வெயில். செவ்வாய் இரவு பிடித்த மழை புதன் மதியம்தான் விட்டது. ஆவணியில் நேரடி விதைப்பு செய்த சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகம் இடுப்புக்கு மேல் நிற்கிறது, அதற்கு ஒன்றும் இல்லை. நட்ட சம்பாவில் ஆடுதுறை 51, டி.கே.எம். 13 ரகங்கள் இரண்டும் தூர் கட்டி (பக்கத் தண்டு விட்டு) வருகின்றன. அடி பெருத்திருப்பதால் இரண்டு மூன்று நாள் தண்ணீரைத் தாங்கிவிடும்.

அடி வாங்கியது தாளடிதான், குறுவை அறுத்த வயலில் அடுத்து நடுகிற நெல். குறுவை அறுப்பு இந்த முறை மழையில் இழுத்தடித்ததால் தாளடி நடவும் பின்னால் போய்விட்டது. போன வாரம் நட்ட வயல்களில் நாற்றின் நுனி மட்டும் தெரிகிறது. சில துண்டுகளில் அதுவும் இல்லை, வெறும் தண்ணீர்.

திருவையாறு, கும்பகோணம் பக்கம் படுகை மண் என்பதால் தண்ணீர் இழுத்துவிட்டது. காற்று இல்லாததால் வாழை சாயவில்லை. பொங்கல் கரும்பில் சோகை உரிக்கும் வேலை மட்டும் நின்றிருக்கிறது. ஒரத்தநாடு பக்கம் மழையே போதவில்லை என்று சொன்னார்கள்.

மாவட்டக் கணக்கில் இது 'இயல்பான மழை' வாரமாம்.

கடைமடை (தலைஞாயிறு), வியாழன் இரவு

இயல்பா! அண்ணே, எங்கள் ஊரில் வரப்பே தெரியவில்லை. நாங்கள் வாங்கிய மழையோடு உங்கள் ஊர் மழையும் எங்கள் தலையில்தான் இறங்குகிறது. மேலே வடியும் தண்ணீர் எல்லாம் வந்து சேருகிற இடம் இது.

இதில் நாளைக்குப் பௌர்ணமி வேறு. ஓதம் ஏறியிருக்கிறது. கடல் மட்டம் உயர்ந்திருக்கும்போது வடிகாலில் தண்ணீர் கீழே போகாது. முகத்துவார மதகைத் திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும், மூடினால் மழைத் தண்ணீர் வயலில் நிற்கும். ஓதம் வடியும் அந்தச் சில மணி நேரம்தான் எங்களுக்கு வடிகால். அது ராத்திரியில் வந்தால் ராத்திரியில் போய் மதகடியில் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை. கோடையில் தூர்வாரியதாகக் கணக்கு இருக்கிறது. வாய்க்காலைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.

மழைக்கணக்கு (தஞ்சாவூர்), வெள்ளி காலை

'இயல்பு' எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரைத் திட்டுவது என்று பார்க்கலாம்.

வானிலைத் துறையின் மழை வாரம் வியாழனில் தொடங்கிப் புதனில் முடியும். அந்த ஏழு நாளில் மாவட்டத்தில் பெய்ததை நெடுங்காலச் சராசரியோடு ஒப்பிடுவார்கள். 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பு. 20 முதல் 59 வரை குறைந்தால் பற்றாக்குறை, கூடினால் அதிகம். 60 தொட்டுவிட்டால் மிக அதிகம், அல்லது மிகப் பற்றாக்குறை. இந்த வாரம் ஐந்து நாள் காய்ந்து, கடைசியில் ஒரே ராத்திரியும் பகலும் கொட்டியது. மாவட்டத்துக்குள் ஒரு பக்கம் குறைந்ததும் இன்னொரு பக்கம் கூடியதும் கூட்டலில் கரைந்துவிட்டது. அதனால் கணக்கு தப்பில்லை. அந்தக் கணக்கை வயலுக்குக் கொண்டுவந்தால்தான் தப்பு.

ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். அது ஏழு நாளில் பரவி வந்தால் மண்ணும் வாய்க்காலும் சமாளிக்கும். ஒரு ராத்திரியில் வந்தால் வடிகால் எந்த அளவுக்கு இழுக்கிறதோ அவ்வளவுதான் பிழைப்பு.

புதுஆறு (ஒரத்தநாடு), வெள்ளி காலை

இதையும் விளக்கிவிடுங்கள் சார். செவ்வாய்க்கிழமை டிவியில் டெல்டா முழுக்க ரெட் அலர்ட் என்று அலறினார்கள். நான் வரப்பை எல்லாம் வெட்டிவிட்டு, இருந்த தண்ணீரையும் வடித்துவிட்டுக் காத்திருந்தேன். தூறல்தான் வந்தது. இப்போது கல்லணைக் கால்வாயில் முறை வரும்வரை வயல் காய்கிறது. இனிமேல் இவர்கள் சொல்வதை நம்பவா வேண்டாமா?

மழைக்கணக்கு (தஞ்சாவூர்), வெள்ளி மதியம்

நம்புங்கள், ஆனால் வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். அறிக்கையில் இருந்தது 'ஓரிரு இடங்களில் அதி கனமழை'. ஓரிரு இடங்களில் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் கால் பங்கு. ஒரு சில இடங்களில் என்றால் பாதி வரை, பல இடங்களில் என்றால் முக்கால் வரை, பெரும்பாலான இடங்களில் என்றால் அதற்கும் மேல். டிவியில் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தச் சொற்களை விட்டுவிடுகிறார்கள்.

அளவும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ.க்கு மேல் பெய்தால்தான் கனமழை. 11.56 தாண்டினால் மிக கனமழை, 20.44க்கு மேல் அதி கனமழை. கணக்கெடுப்பது காலை 8.30க்கு. புதன் காலை பதிவானது என்றால் அது செவ்வாய் காலையிலிருந்து பெய்தது.

இன்னொன்று. புயல் சின்னம் வங்கக் கடலில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் நம் பிழைப்பு இருக்கிறது. வடக்கே ஆந்திரா பக்கம் ஏறிவிட்டால் நம்மேல் நிலத்துப் பக்கமிருந்து வறண்ட காற்று அடித்து வெயில் வந்துவிடும். நாகை, வேதாரண்யம் கரையோரம் ராத்திரியிலும் விடியற்காலையிலும் கொட்டுகிற மழை உள்ளே ஒரத்தநாடு வருவதற்குள் ஓய்ந்துபோவதும் இந்தப் பருவத்தின் குணம்.

'வலுவிழந்தது' என்ற சொல்லைக் கேட்டும் ஏமாறாதீர்கள். 2020 நவம்பரில் நிவர் புயலுக்கு ஊரே தயாராக இருந்தது, அது புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அடுத்த வாரமே வந்த புரெவி மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து அங்கேயே நின்றுவிட்டது. டெல்டாவை முக்கியெடுத்தது அதுதான். வலு என்பது காற்றின் கணக்கு. மழைக்கு அது எத்தனை நாள் ஒரே இடத்தில் நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

கொள்ளிடக்கரை (சீர்காழி), வெள்ளி மாலை

ஓரிரு இடங்கள் என்பதில் எங்கள் ஊர் ஒருமுறை மாட்டியது. 2022 நவம்பர் 11, ஒரே நாளில் 44 செ.மீ. மேலே சார் சொன்ன அதி கனமழை எல்லையைப் போல இரண்டு மடங்கு. அந்தத் தண்ணீர் வடிந்து வயலைக் கண்ணால் பார்க்கவே நாளானது.

அதிலிருந்து களத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். கடையில் வாங்கியது இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக இருக்கிற டப்பா எதுவானாலும் போதும். மரத்தடியில் வைக்காமல் திறந்த வெளியில் வைத்து, காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டுப் பார்த்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று வந்துவிடும். டப்பா சிறிதா பெரிதா என்பது கணக்கே இல்லை. தாலுகா ஆபீஸ் மழையும் என் வயல் மழையும் ஒன்றாக இருந்த நாள் குறைவு.

ஊர்விட்டவன் (சென்னை), வெள்ளி இரவு

அண்ணன்களுக்கு வணக்கம். நிலம் மன்னார்குடி பக்கம், அப்பா பார்க்கிறார். செவ்வாய் காலை தாளடிக்கு யூரியா போட்டிருக்கிறார், அன்று இரவே மழை. இப்போது வயலில் முழங்கால் தண்ணீர், பயிர் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். நாளைக்கே இன்னொரு மூட்டை போடப் போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறார். நான் போனில் என்ன சொன்னாலும் 'நீ கம்ப்யூட்டரைப் பார்' என்கிறார். என்ன செய்யச் சொல்லட்டும்?

ஓய்வுவேளாண்மை (ஆடுதுறை), வெள்ளி இரவு

தம்பி, முதலில் அப்பாவிடம் மூட்டையை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நிற்கும் வயலில் யூரியா போட்டால் பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம், வடிகாலில் போவது அதிகம். வேர் மூச்சு முட்டிக் கிடக்கும்போது அது உரம் எடுக்காது. மஞ்சள் தெரிகிறதே என்று பதறி இந்தச் சமயத்தில் போடுகிற மூட்டைதான் டெல்டாவில் அதிகம் வீணாகிறது.

முதல் வேலை வடிப்பது. அதற்கப்புறம் ஒரு குத்தை (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்தை) பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அடித்தண்டை விரலால் நசுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். பழைய வேர் கறுத்திருந்தாலும் பரவாயில்லை, வெள்ளையாகப் புது வேர் நுனி எட்டிப்பார்த்தால் பயிர் பிழைத்துக்கொண்டது. நடுக்குருத்தை இழுத்தால் கையோடு வந்து அழுகல் வாடை அடித்தால் அந்தக் குத்து போயிற்று. வரப்போரம் மட்டும் பார்க்காமல் வயலின் பள்ளமான பக்கத்திலும் நாலைந்து இடத்தில் பிடுங்க வேண்டும்.

பிழைத்த பயிருக்கு, புது இலை ஒன்று விரிந்தபிறகு மேலுரம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வயலில் தண்ணீரை வடித்துவிட்டு இட வேண்டும். வேப்பம் புண்ணாக்கோடு சேரும்போது யூரியா மெதுவாகக் கரையும். வயலில் இறங்க முடியாத அளவுக்குச் சேறாக இருந்தாலோ, மஞ்சள் போகவில்லை என்றாலோ, 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைவழியாகத் தெளிக்கலாம்.

எப்போது போடுவது என்பதற்கு செவ்வாயும் வெள்ளியும் வருகிற வேளாண் வானிலை அறிக்கையைப் பாருங்கள். மேக்தூத் செயலியில் தமிழிலேயே வருகிறது. அடுத்த ஐந்து நாள் மழை என்ன என்று அதில் இருக்கும். உங்கள் அப்பா 'கம்ப்யூட்டரை' நம்ப மாட்டார், சரி. அதில் வருவதை நீங்கள் சொன்னதாகச் சொல்லாமல் ஆடுதுறைக்காரர் ஒருவர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஊர்விட்டவன் (சென்னை), வெள்ளி இரவு

நன்றி ஐயா. நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஆடுதுறை என்றதும் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டார்! ரகம் ஆடுதுறை 38. தண்ணீர் எத்தனை நாள் நின்றால் பயிர் போய்விடும்?

ஓய்வுவேளாண்மை (ஆடுதுறை), சனி காலை

முழுக்க மூழ்கினால் சாதாரண ரகம் ஒரு வாரத்துக்குள் சாகத் தொடங்கிவிடும். நுனி வெளியே தெரிந்தால் இன்னும் தாங்கும். தெளிந்த தண்ணீர், ஓடுகிற தண்ணீர் என்றால் கொஞ்சம் கூடுதல் நாள். கலங்கல் தண்ணீர் தேங்கி நின்றால் வெளிச்சமும் கிடைக்காது, காற்றும் கிடைக்காது, சீக்கிரம் போய்விடும்.

சப்-1 என்று பின்னால் ஒட்டியிருக்கும் ரகங்கள் இரண்டு வாரம் வரை தாங்கும். மற்ற ரகம் மூழ்கியதும் மூச்சு வாங்க மேலே எட்டிப் பார்த்து வளரும், வளர்ந்து இருந்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்துவிடும், தண்ணீர் வடிந்ததும் தலை சாய்ந்துவிடும். சப்-1 அந்தச் சமயத்தில் வளராமல் அடங்கிக் கிடக்கும், வடிந்ததும் எழுந்துகொள்ளும். ஆனால் இந்தச் சலுகை தூர் கட்டுகிற பருவத்துக்குத்தான். பூக்கும்போது மூழ்கினால் சப்-1 ஆனாலும் பதர்தான்.

நாத்தங்கால் (மன்னார்குடி), சனி மாலை

எல்லாரும் தண்ணீரையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் வடிந்துவிட்டது, இப்போது ஆனைக்கொம்பன் ஈயின் தாக்குதல். பின்பட்ட நடவில் குத்துக்கு ஒன்று இரண்டு வெங்காயத் தாள் மாதிரி வெள்ளைக் குழல் தெரிகிறது. மூட்டமும் தூறலுமாக இருந்ததே, அது ஈக்குக் கொண்டாட்டம். கடைக்காரர் மூன்று மருந்தைக் கலந்து கொடுத்து 'இன்றைக்கே அடி அக்கா' என்கிறார். வாங்காமல் வந்துவிட்டேன். சரியா?

தாளடிக்காரன் (கோட்டூர்), சனி இரவு

அக்கா, அடித்துவிடுங்கள். போன வருஷம் காத்திருந்து பாதி வயல் குழலாகப் போனது.

ஓய்வுவேளாண்மை (ஆடுதுறை), சனி இரவு

வாங்காமல் வந்தது நல்லது அம்மா. குழலாக வெளியே வந்த தூரில் இனி கதிர் வராது, எந்த மருந்து அடித்தாலும் அது திரும்பாது. பத்து தூருக்கு ஒன்று குழலாக இருந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். அதற்குக் குறைவு என்றால் குழலுக்குள் இருக்கும் புழுவைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவி ஒன்று இருக்கிறது, அது வேலை செய்யட்டும். கண்டபடி அடித்தால் முதலில் சாவது அதுதான். மூன்று மருந்துக் கலவை எந்தப் பரிந்துரையிலும் கிடையாது.

கோட்டூர்த் தம்பி, உங்கள் வயலில் பத்துக்கு ஐந்து இருந்திருக்கும். அங்கே அடித்தது வேறு கதை. பைரித்ராய்டு மருந்து மட்டும் வேண்டாம், இப்போது அடித்தால் மார்கழியில் புகையான் (தத்துப்பூச்சி) வந்து நிற்கும்.

தாளடிக்காரன் (கோட்டூர்), சனி இரவு

எண்ணிப் பார்க்கவில்லை ஐயா. பார்த்தாலே தெரிந்தது.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்), ஞாயிறு காலை

நடுவில் ஒன்று: பயிர்க் காப்பீடு. சம்பாவுக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. நீட்டித்தாலும் நீட்டிப்பார்கள், அதை நம்பி உட்காராதீர்கள். தவறவிட்டவர்கள், நீட்டித்தால் அன்றைக்கே போய்க் கட்டுங்கள். காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் நாம் கட்டும் பிரீமியம். சிட்டா, விஏஓ கொடுக்கும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் போதும். வங்கிப் புத்தகத்திலும் சிட்டாவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இதில்தான் பலபேருக்கு இழுக்கிறது. கிராம அளவில் மகசூல் அறுவடைச் சோதனை வைத்துத்தான் இழப்பீடு என்பதால், ஊரில் எல்லாரும் பிழைத்து உங்கள் பள்ள வயல் மட்டும் போனால் பெரிதாக ஒன்றும் வராது. இருந்தாலும் கட்டுங்கள்.

கடைமடை (தலைஞாயிறு), ஞாயிறு இரவு

இங்கே ஒரு அடி குறைந்திருக்கிறது. ஓதம் வடிந்த நேரம் பார்த்து இளைஞர்கள் சேர்ந்து ஆகாயத்தாமரையை அரிவாளால் வெட்டி ஒதுக்கினார்கள், அதனால்தான்.

மேல்மடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மழை அறிவிப்பு வந்தவுடன் ஒரே நாளில் எல்லாரும் வரப்பை வெட்டிவிடாதீர்கள். உங்கள் சம்பா முழங்கால் தண்ணீரில் நாலு நாள் நிற்கும், எங்கள் தாளடி நிற்காது.

புதுஆறு (ஒரத்தநாடு), ஞாயிறு இரவு

எங்கள் தண்ணீர் உங்கள் ஊருக்கு வராது, நான் வெட்டியது அக்கினியாற்றுப் பக்கம். ஆனால் சொல்வது நியாயம்தான். நான் அவசரப்பட்டு வடித்ததில் எனக்கும் லாபம் இல்லை.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்), ஞாயிறு இரவு

எங்கள் ஊரில் வெட்டியவர்கள் உண்டு. வாட்சப்பில் உங்கள் செய்தியை அப்படியே போட்டிருக்கிறேன். மழை நாளில் கல்லணையில் காவிரி, வெண்ணாறு இரண்டையும் குறைத்து உபரியைக் கொள்ளிடத்தில் திருப்புவார்கள். அப்படிக் குறைத்தால்தான் ஆறுகளே வடிகாலாக வேலை செய்யும். அங்கே குறைக்கும்போது இங்கே நாம் வயலை அவிழ்த்துவிட்டால் அந்த வேலை கெட்டுப்போகும்.

கடைமடை (தலைஞாயிறு), திங்கள் மாலை

இன்று தண்ணீர் இடுப்புக்குக் கீழே வந்ததும் இறங்கிப் பார்த்தோம். மேட்டுப் பக்கம் பிழைத்துவிட்டது. பள்ளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு குத்து இல்லை. முழுக்க உழுதுவிட்டுக் குறுகிய கால ரகம் நடலாமா என்று வீட்டில் பேச்சு. ஐயா என்ன சொல்கிறீர்கள்?

ஓய்வுவேளாண்மை (ஆடுதுறை), திங்கள் இரவு

உழாதீர்கள். இன்று நாற்று விட்டால்கூடக் கார்த்திகைக் கடைசியில்தான் நடவு. 105, 110 நாள் ரகம் என்றாலும் அறுப்புக்கு மாசி பிற்பாதி ஆகிவிடும். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28ல் மூடுவார்கள், அதற்கப்புறம் கடைமடைக்குத் தண்ணீர் ஏது? போர் இருக்கிறவர்களுக்குச் சரி. உங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு.

ஐந்தில் மூன்று பங்கு இருந்தால் நல்ல பயிர். தூர் அதிகமுள்ள குத்துகளைப் பிரித்துப் பள்ளத்தில் நிரப்புங்கள். மேட்டுப் பக்கத்துக் குத்தில் இரண்டு தூர் எடுத்தால் அது திரும்பக் கட்டிக்கொள்ளும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த வாரத்துக்குள் முடிய வேண்டும். தள்ளிப்போனால் ஒரே வயலில் ஒரு பக்கம் பழுத்து இன்னொரு பக்கம் பால் பிடிக்கும். அப்புறம் அறுப்பு மிஷின் வரும்போது பச்சை நெல்லும் கலந்து, ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டி, கொள்முதல் நிலையத்தில் காயவைத்துக் கிடக்க வேண்டியதுதான். தை மழை நெய் மழை என்பார்கள். 2021 ஜனவரியில் அறுப்புக்கு நின்ற சம்பா அந்த நெய்யில் சாய்ந்து முளைத்ததைப் பார்த்தவர்கள் நாம்.

அந்தப் பள்ளத் துண்டு முழுக்கவே போய்விட்டது என்றால் அதை விட்டுவிட்டு, தையில் மெழுகுப் பதம் (மண் மெழுகு மாதிரி இளகியிருக்கும் ஈரம்) பார்த்து உளுந்து தெளியுங்கள். நஞ்சைத் தரிசு உளுந்துக்கு ஆடுதுறை 3 போதும். செலவு குறைவு.

கடைமடை (தலைஞாயிறு), செவ்வாய் காலை

சரி ஐயா, பிரித்து நடுகிறோம். நாளைக்கு ஆள் சொல்லியிருக்கிறது. ஆடுதுறை 38 மிச்ச நாற்று யாரிடமாவது இருக்கிறதா? திருத்துறைப்பூண்டிக்கு இந்தப் பக்கம் என்றால் வண்டி எடுத்து வந்துவிடுவேன்.

நாத்தங்கால் (மன்னார்குடி), செவ்வாய் காலை

என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் டி.கே.எம். 13. வயது ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டுமா?

ஓய்வுவேளாண்மை (ஆடுதுறை), செவ்வாய் காலை

வயது ஒத்தாலும் அரிசி ஒத்துப்போகாது, கலப்பு நெல்லாகிவிடும். தனித் துண்டாக இருந்தால் நடுங்கள், ஊடே வேண்டாம்.

ஊர்விட்டவன் (சென்னை), செவ்வாய் மதியம்

கடைமடை அண்ணே, அப்பா வயலில் நாற்றங்கால் மூலையில் ஆடுதுறை 38 நாலு கட்டு பிடுங்காமல் நிற்கிறதாம். வயது கொஞ்சம் கூடிவிட்டது, குத்துக்கு நாலைந்தாக வைத்து நட வேண்டியிருக்கும் என்கிறார். காசு வேண்டாமாம். காலை ஏழு மணிக்குள் வந்தால் அவரே பிடுங்கி வைத்திருப்பார். தனிச்செய்தியில் வழி அனுப்புகிறேன்.

கடைமடை (தலைஞாயிறு), செவ்வாய் மதியம்

ஆறரைக்கே வந்துவிடுகிறேன் தம்பி. அப்பாவிடம் சாக்கு மட்டும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், ஈரச்சாக்கில் சுற்றினால்தான் இங்கே வரும்வரை வாடாது.